சீட்டைப் பார்க்காத எதிராளி

பிப்ரவரி 3

அன்புமிக்க என் இல்லாளுக்கு,

இறையருளால் நலம். உன் நலம் வேண்டி நாளும் இருவேளை வணங்குகிறேன். உன் முகவரியை மகளிடம் கேட்டுப் பெற்றேன். "எதுக்குப்பா? உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் தாயிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றேன். "அம்மாகிட்ட? நீங்க? சந்தேகம்?" என்று மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேட்டுவிட்டு, வெகுநேரம் சிரித்த பிறகே சொன்னாள்.

செய்தி இது. நான் வாழும் முதியோர் குடியிருப்பில், மேல்தளத்துக் கிழக்கு மூலை அறை காலியாகியிருக்கிறது. இருவர் தங்கும் அறை. இரண்டு கட்டில், இரண்டு அலமாரி, விடியலின் முதல் வெளிச்சம் வந்து விழும் அகன்ற சன்னல். அதை மூவர் கேட்டோம். ஒருவர் கப்பலில் எந்திரப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அனைவருக்கும் அவர் கப்பல்காரர். தனியே சமைக்கத் தெரியாமல் தவிக்கும் தம்பியை அழைத்து வைத்துக்கொள்ள அவருக்கு அறை வேண்டும். மற்றவர் பல் டாக்டர். அவருக்கு யாரை அழைத்து வருவது என்ற எண்ணமே இல்லை. "ரூம் வரட்டும், ஆளா கிடைக்காது?" என்கிறார்.

மூவரும் மாறி மாறி மனு எழுதினோம். குடியிருப்பின் காப்பாளர் அம்மாள் சலித்துப்போய், "சின்னப் பசங்க மாதிரி தினம் ஒரு பேப்பரைத் தூக்கிட்டு வராதீங்க. நீங்களே பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் மார்ச் முடியறதுக்குள்ள கூடத் தங்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும். இல்லன்னா ரூம் அடுத்தவருக்கு," என்று தீர்ப்பளித்துவிட்டார்.

பேசினோம், முடியவில்லை. அப்போது கப்பல்காரர்தாம் சீட்டாட்டத்தைச் சொன்னார். போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாக. பிறகு மேசைமேல் ஐந்து சீட்டுகள் பொதுவாக; அவற்றோடு சேர்த்து எவருக்கு ஜோடி, மூன்று என்று பெரிதாக ஒத்து வருகிறதோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், எதிராளி வைத்த அளவே வைத்து ஈடுகட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். பந்தயப் பொருள், சலவை அறையில் உதிர்ந்து கிடந்து ஒரு டப்பாவில் சேர்ந்த சட்டைப் பொத்தான்கள். பழநூல்களுக்கு உரை எழுதி, சூதின் கேட்டைப் பற்றி எத்தனையோ மேடைகளில் உரைத்தவன் நான். எனினும், பொருள் கைமாறாத இடத்தில் சூது இல்லை என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு அமர்ந்தேன்.

சனிக்கிழமைதோறும் பழகுகிறோம். மார்ச் பதினைந்தாம் நாள் முடிவான ஆட்டம். இதுவரை நான் ஒரு முறையும் வென்றதில்லை. இருவரும் சிறிதும் அடக்கமின்றி, கண்டபடி ஆடுகிறார்கள். ஆனாலும் பொத்தான்கள் அவர்கள் பக்கமே போகின்றன. இந்த விளையாட்டில் நீ தேர்ந்தவள். செவிலியர் விடுதியில் கற்றாய். இப்போது மனமகிழ் மன்றத்தில் சீட்டறையையே மேற்பார்வையிடுகிறாய் என்று மகள் சொன்னாள். இத்தகையோரை எங்ஙனம் எதிர்கொள்வது?

இறுதியாக ஒன்று. நான் வென்றால், இரண்டாவது கட்டில் உனக்கு. நீ பிரிந்து சென்று பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. மேலும் எழுதவில்லை.

என்றும் அன்புடன்,
உன் கணவன்


பிப்ரவரி 7

மரியாதைக்குரிய உரையாசிரியருக்கு,

வரமாட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சீட்டைப் பற்றிப் பேசலாம்.

இல்லத்தில் இல்லாதவளை இல்லாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இலக்கணம் உங்களோடு. எனக்கு வேறு விளி ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு காலத்தில் என் சீட்டுக்கட்டை அலமாரிக்குமேல் ஒளித்து வைத்தவர் நீங்கள். அதை எடுக்க முக்காலி போட்டு ஏறி நான் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டபோது, "வினைப்பயன்" என்று ஒரே சொல்லில் வைத்தியம் பார்த்தீர்கள். இப்போது பொத்தானுக்கு ஆடுகிறீர்கள். நல்லது. எனக்குக் கோபமில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

கண்டபடி ஆடுகிறார்கள் என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. கண்டபடி ஆடுவதில் பல வகை உண்டு. இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஏன் செய்கிறார்கள் என்பது வேண்டாம். அவர்கள் மனத்தில் என்ன ஓடியது, முகத்தில் என்ன குறிப்பு தெரிந்தது, அதற்கு முன்னோர் சொன்ன ஒப்புமை என்ன, எதுவும் வேண்டாம். எத்தனை பொத்தான் வைத்தார்கள், கடைசியில் என்ன சீட்டைக் காட்டினார்கள். அது போதும்.

மன்றத்தில் வேலை அதிகம். கீழே சைக்கிள் கடை, மேலே என் அறை. பகலெல்லாம் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்


பிப்ரவரி 16

விளி எதுவென்று அறியாமல் விட்டுவைத்த உனக்கு,

நலம். நீ பணித்தபடி, நேற்றைய ஆட்டத்தில் கண்டதை மட்டும் எழுத முயல்கிறேன்.

எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்தன. மேசையில் ஒரு சீட்டும் விரியவில்லை. கப்பல்காரர் ஒரு கை நிறையப் பொத்தான்களை அள்ளி நடுவே தள்ளினார். நான் எண்ணலானேன். இதற்கு முன் அவர் சிறிதாக ஏற்றினார். இப்போது பெரிதாக ஏற்றுகிறார். தள்ளும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையில் வலிமை மிக்கவன் பார்வையைத் தாழ்த்துவான். மேலும் அவர் கடலில் நாற்பது ஆண்டு கழித்தவர். ஆழம் அறியாமல் காலெடுத்து வைப்பவர் அல்லர். எனவே அவரிடம் இரண்டு ஆஸ் இருக்க வேண்டும் என்று துணிந்து, என் ராஜாக்களைக் கவிழ்த்தேன்.

அவர் தம் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் இரண்டும்.

"ஐயா, எதை வெச்சிருந்தீங்க?" என்றார்.

"அது எதற்கு?" என்றேன்.

பல் டாக்டர் எட்டி என் சீட்டைத் திருப்பிவிட்டார். "அடப்பாவி! ரெண்டு ராஜாவையும் நாடு கடத்திட்டாரே!" என்று அவர் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

பல் டாக்டரோடு நடந்தது வேறு. என்னிடம் ஒன்றுமில்லை; ஆயினும் வலிமை உள்ளவன் போல மூன்று கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றினேன். மூன்று முறையும் அவர், "பாத்துடலாமே," என்று அதே அளவு பொத்தானை வைத்தார். இறுதியில் அவரிடம் இருந்தது ஒரு ஜோடி மூன்று. அதை வைத்துக்கொண்டு அவர் ஏன் அஞ்சவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. என் முகத்தில் ஏதோ குறிப்பைக் கண்டிருப்பார். பல்லைப் பார்த்தே ஆளை அறியும் தொழில் அல்லவா.

உன் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். அது "வரமாட்டேன்" என்று தொடங்குகிறது. விடையைக் கடைசியில் சொல்வதே உன் இயல்பு. அதை முதலில் வைத்தாய் என்றால், முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டிய நெருக்கடி உன்னுள் இருந்தது என்று பெறப்படும். நெருக்கடி உள்ள இடத்தில் தயக்கம் உண்டு. தயக்கம் உள்ள இடத்தில் இடம் உண்டு. இதற்குமேல் விரிக்கவில்லை.

அன்புடன்,
உன் கணவன்


பிப்ரவரி 20

உரையாசிரியருக்கு,

வரமாட்டேன். இதில் நெருக்கடியும் இல்லை, தயக்கமும் இல்லை, நீங்கள் கண்டுபிடித்த அந்த இடமும் இல்லை.

இரண்டு ராஜாவைக் கவிழ்த்ததைப் படித்துவிட்டு, சீட்டறையில் எல்லோருக்கும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. "எங்கேயோ ஒரு பெரியவர்" என்றேன்.

உங்கள் பிழை என்னவென்று தெரிகிறது. எழுத்து இருக்கும் இடத்தில் உரை எழுதலாம். கப்பல்காரர் வெற்றுத்தாளை நீட்டுகிறார். நீங்கள் அதற்குப் பதவுரை, பொழிப்புரை, விசேட உரை என்று அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் தள்ளினார், அவ்வளவுதான். தம் சீட்டைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். அடுத்த சனிக்கிழமை அதை மட்டும் கவனியுங்கள்: தள்ளுவதற்கு முன் அவர் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறாரா?

இனி ஆட்டம். உங்கள் எதிராளிகள் இரண்டு பேரும் ஒரே மாதிரி என்று நினைத்து ஒரே மாதிரி ஆடுகிறீர்கள். இல்லை.

பல் டாக்டர் எதையும் கவிழ்க்காத ஆள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களையே பார்க்கவில்லை. தன் கையில் ஒரு மூன்று இருக்கிறது, அடுத்தது என்ன வரும் என்று பார்க்க ஆசை, அதற்காகப் பொத்தான் வைக்கிறார். அப்படிப்பட்டவரைப் பயமுறுத்த முடியாது. ஒன்றுமில்லாமல் அவர்மேல் ஒருபோதும் பந்தயம் ஏற்றாதீர்கள். நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், கூச்சப்படாமல், பெரிதாக. ஒளித்து வைத்து அசத்தலாம் என்று நினைக்க வேண்டாம். கேட்டால் கொடுத்துவிடுவார்.

கப்பல்காரர் எதையும் ஏற்றுகிற ஆள். அவரிடம் நீங்கள் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வேலையை அவரே செய்வார். சுமாரான சீட்டையெல்லாம் கவிழ்த்துவிட்டுக் காத்திருங்கள். நல்லது வந்ததும் சும்மா இருங்கள், அவர் தள்ளுவார், ஈடுகட்டி வைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களிடம் பயந்து கவிழ்க்க வேண்டிய ஒரு ஜோடிகூட, இவரிடம் நின்று ஆடத் தகுந்த சீட்டு.

உட்காரும் இடமும் முக்கியம். கப்பல்காரர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். இடப்பக்கமாகத்தானே முறை சுற்றும்? அவர் செய்வதைப் பார்த்த பிறகு உங்கள் முறை வரும்.

எங்கள் மன்றத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார். எதிராளி தும்மினால்கூட அதில் சூழ்ச்சி இருப்பதாக நினைப்பார். வருஷக் கணக்காகத் தோற்கிறார். மிகவும் கெட்டிக்காரர்.

இப்படிக்கு,
மகளின் தாய்


மார்ச் 2

ஆட்டத்தில் எனக்கு ஆசானாகிவிட்ட உனக்கு,

நலம். முதல் பாடத்தில் தேறிவிட்டேன். அடுத்ததில் தேறினேனா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

வலப்பக்கம் கப்பல்காரர் இருக்கும்படி நாற்காலியை மாற்றிக்கொண்டேன். "என்ன ஐயா, வாஸ்து பாக்கறீங்களா?" என்றார். மாலை முழுவதும் வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்தேன். அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா இன்னிக்கு விரதம்," என்றார் பல் டாக்டர்.

"விரதம் இல்லை டாக்டர், தியானம். கையில சீட்டைக் குடுத்தாலும் கடவுள்கிட்டயே திருப்பிக் குடுத்துடறாரு."

எனக்குச் சினம் வந்தது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல சீட்டு வரும்வரை பொறுத்தேன். பிறகு பல் டாக்டரிடம் ஒரு ஜோடி ராணியோடு மூன்று கட்டமும் பெரிதாக ஏற்றினேன். "பாத்துடலாமே, பாத்துடலாமே" என்று தம்மிடம் இருந்ததில் பாதியைத் தந்தார். உண்மையாகவே கேட்டால் கொடுக்கிறார்! உலகில் இத்தகைய மனிதரும் இருப்பதை இத்தனை வயதில் அறிந்தேன்.

நீ கேட்டதற்கு விடை: கப்பல்காரர் சில வேளை சீட்டைப் பார்க்கிறார், பல வேளை பார்ப்பதில்லை. வெறுமனே தள்ளுகிறார். "பாத்துட்டு வெச்சா யார் வேணாலும் வைப்பாங்க," என்பது அவர் கொள்கை.

ஆயினும் கேள். எனக்கு இரண்டு ஆஸ் வந்தன. நீ சொன்னபடியே சும்மா இருந்தேன். அவர் பாதிப் பொத்தான்களைத் தள்ளினார். ஈடுகட்டினேன். மேசையில் ஓர் ஒன்பது விழுந்தது, மீதிப் பொத்தான்களையும் தள்ளினார், ஈடுகட்டினேன். கடைசிச் சீட்டாக இன்னோர் ஒன்பது விழுந்தது. அவர் காட்டியது ஒன்பதும் ஐந்தும். மூன்று ஒன்பது. என் ஆஸ்கள் வீழ்ந்தன. நீ சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மீறவில்லை. பின் ஏன் தோற்றேன்? முறையில் குறையா, என் ஊழா?

மூலை அறையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்து வந்தேன். சன்னலோரக் கட்டில் உனக்கு. மற்றதைச் சற்று நகர்த்தினால், உன் தையல் எந்திரத்துக்கும் இடம் கிடைக்கும். அளந்து பார்த்துவிட்டேன். சென்ற கடிதத்தில் நீ ஆட்டத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாய். மறுப்பை ஒரு வரியில் முடித்தாய். எது பெரிதோ அதுவே உள்ளக்கிடக்கை என்பது உரைநெறி.

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 6

உரையாசிரியருக்கு,

வரமாட்டேன். நீளமாக எழுதினால் நம்புவீர்கள் என்றால், இந்த ஒரு சொல்லைப் பக்கம் முழுவதும் எழுதி அனுப்புகிறேன்.

இரண்டு ஆஸோடு தோற்றதற்கு வருத்தப்படாதீர்கள். ஆட்டம் சரி. ஐந்து முறை அதே ஆட்டம் ஆடினால் நான்கு முறை நீங்கள் வெல்வீர்கள். அன்று நடந்தது ஐந்தாவது. கண்மூடித்தனமாக ஆடுகிறவர்களோடு உட்கார்ந்தால் இந்த வலி அடிக்கடி வரும். அவர்கள் எல்லாச் சீட்டையும் வைத்து ஆடுவதால் எந்தச் சீட்டு வந்தாலும் சில நேரம் அவர்களுக்கு ஒத்துப்போகும். அதற்குப் பயந்து அடுத்த முறை ஆஸைக் கவிழ்த்தால்தான் நீங்கள் உண்மையில் தோற்றவர். செயல் உன்னுடையது, பயன் உன்னுடையது அன்று என்று எத்தனை ஊர் மேடையில் சொல்லியிருப்பீர்கள்? முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நான்தான் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னீர்கள்.

சினத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் கேலி செய்யட்டும். கேலிக்குப் பதில் சொல்ல ஒரு கை ஆடினீர்கள் என்றால், அந்தக் கையை அவர்கள் ஆடினதாக அர்த்தம்.

கட்டிலை நகர்த்த வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். நான் கிளம்பிய அன்று, பெட்டியோடு வாசற்படியில் நின்று, "நான் போறேன். திரும்பி வரமாட்டேன்," என்றேன். நீங்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "வெயில் தாழ்ந்து போயேன்," என்றீர்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, "அவளுக்கு மனசு சரியில்லை, தங்கச்சி வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வந்துடுவா," என்று சொன்னீர்களாம். அந்த அக்காவே எனக்கு எழுதினாள். நான் சொன்னதில் வாரம் எங்கே இருந்தது?

பதில் தேவையில்லை. பதினைந்தாம் தேதி நிதானமாக ஆடுங்கள். தொடக்கத்தில் பொத்தான் குறைந்தால் பதறாதீர்கள்.

இப்படிக்கு,
மகளின் தாய்


மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

வென்றேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொது அறையின் பெரிய மேசையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு பாதிக் குடியிருப்பும் அமர்ந்திருந்தது. காப்பாளர் அம்மாளும் வந்து, "நான் ஒண்ணும் பாக்கல, தண்ணி குடிக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டு முடியும்வரை நின்றார்.

தொடக்கத்தில் நீ எச்சரித்தவாறே பொத்தான்கள் கரைந்தன. சீட்டே வரவில்லை. கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். "ஐயா, இது போட்டி. கோயில் இல்ல," என்றார் கப்பல்காரர். "விடுங்க, அவர் நமக்காக வேண்டிக்கிறாரு," என்றார் பல் டாக்டர். அனைவரும் சிரித்தனர். எனக்கு அந்தச் சிரிப்பு தொலைவில் எங்கோ கேட்பதுபோல் இருந்தது.

பிறகு எனக்குப் பத்தும் ஜாக்கியும் வந்தன. மேசையிலும் பத்தும் ஜாக்கியும் விழுந்தன. கப்பல்காரர் அந்தச் சுற்றில் விலகியிருந்தார். பல் டாக்டர்மேல் முதலில் பெரிதாக ஏற்றினேன். "பாத்துடலாமே." அடுத்த சீட்டுக்கு இன்னும் பெரிதாக ஏற்றினேன். "பாத்துடலாமே." கடைசிச் சீட்டில் அவரிடம் எஞ்சியது அனைத்தையும் கேட்டேன். சற்றே யோசித்தார். ஒரு கணம் அவருக்காக நான் அஞ்சினேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பாத்துடலாமே!" என்று தள்ளினார். அவரிடம் ஒரு ஜோடி ஜாக்கி மட்டுமே. எழுந்து என் கையைக் குலுக்கி, "எனக்கு அந்த ரூம்ல என்ன வேலை, சொல்லுங்க?" என்று சிரித்தபடி போய் வேடிக்கை பார்க்கிறவர்களோடு அமர்ந்தார்.

எஞ்சியவர் இருவர். கப்பல்காரரிடம் என்னினும் சற்றே குறைந்த பொத்தான்கள். எனக்கு ஓர் ஆஸும் ஒரு ராணியும் வந்தன. அவர் சிறிதாக ஏற்றினார், ஈடுகட்டினேன். மேசையில் ராணி, எட்டு, மூன்று. நான் சும்மா இருந்தேன். அவர் எழுந்து நின்று, இரு கையாலும் தம் பொத்தான்கள் முழுவதையும் நடுவே தள்ளினார். சில உருண்டு தரையில் விழுந்தன.

"மொத்தமும், ஐயா. இப்ப என்ன சொல்றீங்க?"

உள்ளதைச் சொல்கிறேன். பழைய நோய் உடனே வந்தது. ஏன் எழுந்து நின்றார்? மூன்று எட்டு இருக்குமோ? தம்பியின் பெயரை இன்று இருமுறை சொன்னாரே, இவ்வளவு வேண்டிய ஒன்றை வெறுங்கையோடு பணயம் வைப்பாரா? உரை விரிந்துகொண்டே போயிற்று. அதற்கு முடிவில்லை என்று எனக்கே தெரிந்தது. கண்ணை மூடி, அவர் செய்ததை மட்டும் நினைத்துப் பார்த்தேன். பிறகு அவர் சீட்டுகளைப் பார்த்தேன். பங்கிட்ட இடத்தில் பங்கிட்டபடியே கிடந்தன. அவற்றின்மேல் அவருடைய தேநீர்க் குவளை இருந்தது. சீட்டைப் பங்கிட்டதிலிருந்து குவளையை அவர் தூக்கவே இல்லை.

"பாத்துடலாமே," என்றேன். அறை முழுவதும் சிரித்தது. பல் டாக்டர் கைதட்டினார்.

குவளையைத் தூக்கிச் சீட்டைத் திருப்பினார். பத்தும் எட்டும். ஒரு ஜோடி எட்டு. அடுத்து நான்கு விழுந்தது. கடைசியாக ஐந்து விழுந்தது. வேறொன்று விழுந்திருக்கலாம் என்பதை அறிவேன்; உன் சொல்லை மறக்கவில்லை. கப்பல்காரர் தரையில் விழுந்த பொத்தான்களைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார். பிறகு, "தம்பிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல," என்றார், சிரித்துக்கொண்டே. யாரும் உடன் சிரிக்கவில்லை.

காப்பாளர் அம்மாள் சாவியைக் கொடுத்து, "மார்ச் முடியறதுக்குள்ள, ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

இனி உன்னைப் பற்றி. நீ என்னை வெல்ல வைத்தாய். வர மனமில்லாதவள் ஓர் அறையை வெல்லும் வழியை இத்தனை பொறுமையோடு கற்றுத்தருவாளா? ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலாம் நாளே விடை எழுதுவாளா? சைக்கிள் கடைச் சத்தத்தைக் குறிப்பிட்டாய். இங்கே சத்தமே இல்லை. பழைய வாசற்படியை நினைவூட்டினாய், நினைவூட்டுவது மீட்பதற்கே. இருபத்தெட்டாம் தேதி வண்டியோடு மகளை அனுப்புகிறேன். கட்டிலை நகர்த்திவிட்டேன்.

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 20

உங்களுக்கு,

வரமாட்டேன்.

நன்றாக ஆடினீர்கள். நானாக இருந்தாலும் அந்த ஆஸையும் ராணியையும் அப்படித்தான் ஆடியிருப்பேன். கடிதத்தைச் சீட்டறையில் வாசித்துக் காட்டினேன். குவளை வந்த இடத்தில் வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

நாலாம் நாளே பதில் எழுதியதற்குக் காரணம், தபால் பெட்டி மன்றத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. பொறுமையாகக் கற்றுத்தந்ததற்குக் காரணம், எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கும், நீங்கள் கேட்டீர்கள். சைக்கிள் கடைச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அது நின்றால்தான் எட்டிப் பார்க்கிறேன். இங்கே எனக்கு ஓர் அறை, ஒரு வேலை, பேசிச் சிரிக்க நாலு பேர். உங்கள்மேல் வெறுப்பில்லை. வெறுப்பில்லை என்பதற்கு விருப்பம் என்று பொருள் எழுதிவிடாதீர்கள். வெறுப்பில்லை, அவ்வளவுதான்.

கப்பல்காரரின் சீட்டின்மேல் குவளை இருந்தது. அதைப் பார்த்தீர்கள், நம்பினீர்கள். என் கடிதங்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் சொல் என்ன என்று மட்டும் பாருங்கள்.

மகளை வண்டியோடு அனுப்ப வேண்டாம். அவளிடம் நானே சொல்லிவிட்டேன்.

மகளின் தாய்


மார்ச் 30

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. முந்தைய மூன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

இன்று காலை சாவியைக் காப்பாளர் அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி அறை கப்பல்காரருக்குப் போகிறது. அவர் தம்பி நண்பகலில் வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர், கீழே நின்று பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல்காரர் என் அறைக்கு வந்து கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ஜெயிச்ச ரூமை யாராவது விடுவாங்களா ஐயா? அம்மா வரலையா?"

"வரல."

"கோவமா?"

"கோவம் இல்லையாம்."

"அப்ப கொஞ்ச நாள் கழிச்சு வருவாங்களோ? என்னன்னுதான் எழுதியிருக்காங்க?"

"வரமாட்டேன்னு எழுதியிருக்காங்க."

நான் ஒரு வாக்கியத்தோடு பேச்சை நிறுத்தி அவர் கண்டதில்லை. இன்னும் ஏதோ வரும் என்று சற்று நேரம் நின்றார். பிறகு தம்பியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

இதற்கு விடை எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மகளின் தந்தை